ஆள் இல்லை

போன மாதம் ஒரு தீர்ப்பு நகல் மொழிபெயர்ப்புக்கு வந்தது. பதினோரு பக்கம். நீதிமன்ற ஆவணங்களைத் தமிழாக்குவதுதான் பல வருடமாக எனக்குத் தொழில். பத்தேமுக்கால் பக்கம் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். தண்டனை ‘இன் ஆப்சென்ஷியா’ விதிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. அந்த இரண்டு சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

அர்த்தம் தெரியாமல் இல்லை. லத்தீனில் ‘ஆப்’ என்றால் விலகி, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து ‘அபெஸ்ஸே’, விலகி இருத்தல். அதிலிருந்து வந்தது ‘ஆப்சென்ஷியா’. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ‘ஆப்சென்ட்’ என்று சொல்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். முன்னால் ஒரு ‘இன்’ சேர்த்தால், ‘விலகி இருக்கையில்’. இவ்வளவுதான் சொல்.

சிக்கல் தமிழில்தான் தொடங்கியது. செய்தித்தாள்கள் இதை ‘நேரில் ஆஜராகாத நிலையில்’ என்று எழுதும். சில சமயம் ‘தலைமறைவாக உள்ள நிலையில்’ என்றும் வரும். வக்கீல்கள் பேச்சில் ‘ஆள் இல்லாமலே கேஸ் நடந்துச்சு’ என்பார்கள். மூன்றும் ஒன்று இல்லை. ‘ஆஜராகாத’ என்றால் வரவில்லை என்பது மட்டும் தெரியும். ‘தலைமறைவு’ என்றால் ஒளிந்திருக்கிறான். கேட்பவர் மனதில் குற்றம் அப்போதே பாதி நிரூபணமாகிவிடும். ‘ஆள் இல்லாமல்’ என்பது இன்னும் தள்ளிப் போகிறது. ‘அவர் இப்போ இல்லை’ என்று நாம் குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவர் இறந்துபோய்விட்டார் என்று பொருள். லத்தீன் இந்த வித்தியாசம் எதையும் காட்டிக்கொள்வதில்லை. இருக்கை காலி என்று மட்டும் அது சொல்லும். ஏன் காலி என்பதை வேறு எங்காவது தேட வேண்டும்.

இதே லத்தீனிலிருந்து வந்த ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்ற தொடருக்கு நம்மிடம் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது பாருங்கள்: ஆட்கொணர்வு. மூலத்தில் இருப்பது ‘உடல்’. தமிழாக்கியவர் அதை ‘ஆள்’ ஆக்கினார். அடைத்து வைத்திருக்கும் ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிபதி சொல்வது அந்த ஒரு சொல்லிலேயே கேட்கிறது. அதைச் செய்தவர் யாரென்று தெரிந்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன். இன் ஆப்சென்ஷியாவுக்கு அப்படி ஒரு சொல் இதுவரை வாய்க்கவில்லை.

இந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது கோர்ட்டில் அல்ல, பட்டமளிப்பு விழா விண்ணப்பத்தில். ‘நேரில்’ என்று ஒரு கட்டம், ‘இன் ஆப்சென்ஷியா’ என்று ஒரு கட்டம். வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லீவு கேட்கத் தயக்கம். இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பட்டம் தபாலில் வந்தது. உறைக்குள் அட்டை வைக்காமல் அனுப்பியிருந்ததால், என் பெயருக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அம்மா அதை இருப்பதிலேயே கனமான அகராதிக்கு அடியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். கோடு போகவில்லை. இன்னும் இருக்கிறது. ஆனாலும் மேடையேறி வாங்கியவர்களின் பட்டத்துக்கும் என் பட்டத்துக்கும் மதிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. கொடுக்கிற இடத்தில் ஆள் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவனிடமிருந்து எதையாவது பறிக்கப் போகும்போதுதான், அவன் எங்கே என்ற கேள்வி கனக்கிறது.

அந்தக் கேள்வியை ரோமானியர்கள் ரொம்பச் சீக்கிரமே கேட்டுவிட்டார்கள். பேரரசர் டிராஜன் ஆண்டது கி.பி. 98 முதல் 117 வரை. குற்ற வழக்கில் எதிரே இல்லாதவனுக்குத் தண்டனை விதிக்கக் கூடாது என்று அவர் ஜூலியஸ் ஃபிரான்டோ என்பவருக்குப் பதில் எழுதியிருக்கிறார். 533இல் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டில் இது பதிவாகியிருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே இன்னொரு பதில் வருகிறது. வெறும் சந்தேகத்தை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. நிரபராதி ஒருவன் தண்டிக்கப்படுவதைவிட, குற்றவாளி ஒருவன் தண்டனை இல்லாமல் போவது மேல். இந்த இரண்டாவது வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவில் எல்லோரும் கேட்டிருப்போம். அது வராதவனைப் பற்றிய விதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். இந்த இரண்டு பதிலையும் அடுத்தடுத்து எழுதிவைத்த ரோமானியச் சட்ட அறிஞர், வராதவன், சந்தேகத்துக்கு ஆளானவன் இருவரையும் ஒரே மூச்சில் நினைத்திருக்கிறார். ஆள் வரவில்லை என்றதும் சந்தேகம் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டிராஜனுக்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. சிசிலியின் ஆளுநராக இருந்தவர் வெர்ரஸ். தெர்மே என்ற ஊரின் பழைய வெண்கலச் சிலைகள் மேல் அவருக்கு ஆசை. ஸ்தேனியஸ் என்ற பெரிய மனிதர் ஊர் மன்றத்தில் எழுந்து நின்று தடுத்துவிட்டார். ஆத்திரத்தில் வெர்ரஸ் அவர் மேல் பொது ஆவணங்களைத் திருத்தியதாக ஒரு வழக்கைப் போட வைத்தார். ஸ்தேனியஸ் ரோமுக்குத் தப்பி ஓடினார். அவர் இல்லாமலேயே, ஆளுநர் என்ற முறையில் வெர்ரஸே தண்டனை அறிவித்தார். அதுவும் போதாமல், தலை போகிற குற்றச்சாட்டு ஒன்றும் அவர் மேல் வந்தது. ரோமில் செனட் வரை இது பேசப்பட்டு, மகனை நிறுத்துகிறேன் என்று வெர்ரஸின் தகப்பனார் வாக்குக் கொடுத்தும் மகன் கேட்கவில்லை. கி.மு. 70இல் வெர்ரஸ் மேலேயே வழக்கு வந்தது. வழக்கை நடத்தியவர் சிசரோ. முதல் கட்ட விசாரணையில் சாட்சிகள் வரிசையாக வந்து நின்றதும் வெர்ரஸ் ரோமை விட்டு மசிலியாவுக்குப் போய்விட்டார். இன்றைய மார்சேய் நகரம் அது. தீர்ப்பு வந்தபோது அவருடைய இருக்கையும் காலி.

இருவருமே ஓடியவர்கள்தான். ஏட்டில் ஒரே சொல்லால் இருவரையும் குறித்துவிடலாம். ஆனால் ஒருவர் ஓடியது, நீதிபதியே எதிரியாக இருந்ததால். மற்றவர் ஓடியது, சாட்சிகள் பேசிவிட்டதால். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான் என்று வெர்ரஸைப் படித்தபோது புரிந்தது.

(உடல் வந்து நின்றும் ஆள் இல்லாத வழக்கு ஒன்றும் வரலாற்றில் உண்டு. 897இல் போப் ஆறாம் ஸ்டீபன், தனக்கு முன்னால் போப்பாக இருந்து இறந்த ஃபார்மோசஸின் சடலத்தைத் தோண்டியெடுத்து, அங்கி உடுத்தி, சிம்மாசனத்தில் உட்கார வைத்து விசாரித்தார். சடலத்தின் சார்பில் ஒரு இளம் உதவிப் பாதிரியார் பதில் சொன்னார். அதை எப்போது நினைத்தாலும் எனக்கு அந்த இளைஞர்மேல்தான் இரக்கம் வரும்.)

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட பெயர் மார்ட்டின் போர்மான். ஹிட்லரின் செயலாளர், கட்சியின் நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர். 1945இல் நியூரம்பர்க்கில் சர்வதேச ராணுவத் தீர்ப்பாயம் கூடியபோது அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்பாயத்தின் சாசனத்தில் 12ஆவது பிரிவு, ஆள் இல்லாமல் விசாரிக்க இடம் கொடுத்தது. ஆனாலும் நீதிபதிகள் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். வானொலியில் வாரம் ஒரு முறை, நான்கு வாரம், அறிவிப்பு முழுவதுமாக வாசிக்கப்பட்டது. அவருடைய ஊரில் புழங்கிய செய்தித்தாளில் நான்கு இதழ்களில் வெளியிடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டிருக்கிறாய், வந்து பதில் சொல், வராவிட்டால் நீ இல்லாமலேயே விசாரிப்போம் என்று சாரம்.

அவருக்காக வாதாட ஃபிரீட்ரிஷ் பெர்கோல்ட் என்ற வக்கீல் நியமிக்கப்பட்டார். அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரரைப் பார்த்ததில்லை, ஒரு கேள்வி கேட்க வழியில்லை, எந்தச் சாட்சியைக் கூப்பிடலாம் என்று சொல்லவும் ஆள் கிடையாது. பெர்கோல்டின் முக்கியமான வாதங்களில் ஒன்று, என் கட்சிக்காரர் இறந்துவிட்டார் என்பது. அதற்குப் போதுமான சான்று இல்லை என்றது தீர்ப்பாயம். 1946 அக்டோபர் 1ஆம் தேதி தூக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அவர் பிற்பாடு உயிரோடு கிடைத்தால், தண்டனையைக் குறைக்கும் விவரம் ஏதும் இருந்தால், அதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்லிவைத்தார்கள். 1972 டிசம்பரில் பெர்லினில் ரயில் நிலையம் ஒன்றின் அருகே தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. தாடையில் கண்ணாடித் துணுக்குகள். சயனைடு குப்பியைக் கடித்தவரின் தாடை அது. 1998இல் டி.என்.ஏ. சோதனை அது போர்மான்தான் என்று உறுதிப்படுத்தியது. அவர் இறந்தது 1945 மே மாதத் தொடக்கத்தில். வானொலியில் அந்த நான்கு வாரமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, ஐந்து மாதம் முன்பே மண்ணுக்குள் போனவரை. பெர்கோல்ட் சொன்னது சரி.

போர்மானுக்காக வருந்த எதுவும் இல்லை. அவர் கையெழுத்திட்ட ஆணைகள் போதுமான சாட்சி. ஆனால் அந்த வக்கீலுக்காக வருந்துகிறேன்.

பிரான்ஸில் இதே காலத்தில் இரண்டு பேருடைய கதை எதிரெதிராக நடந்தது. 1940 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஜெர்மனிக்குப் பணிந்துபோன, பெத்தாங் தலைமையிலான விஷி அரசின் ராணுவ நீதிமன்றம் க்ளெர்மோன்-ஃபெராங் நகரில் சார்ல் தெ கோலுக்கு மரண தண்டனை விதித்தது. அவர் அப்போது லண்டனில் இருந்துகொண்டு, சண்டையைத் தொடருங்கள் என்று நாட்டு மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் எல்லாம் தலைகீழானது. 1945இல் பெத்தாங் ஜெர்மனியில் இருந்தார்; அவர் இல்லாமலேயே விசாரணை நடக்கப் போகிறது என்று செய்தி போனது. அப்போது அவருக்கு 89 வயது. சுவிட்சர்லாந்து வழியாக ஏப்ரல் மாதம் தானாகவே பிரான்ஸுக்கு வந்து சரணடைந்தார். ஜூலையில் தொடங்கிய வழக்கு ஆகஸ்டில் முடிந்து அவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவர் தெ கோல். பெத்தாங் செய்தவற்றை மன்னிக்க முடியாது. இருந்தாலும் அந்த வயதில், வராமல் இருந்துவிடலாம் என்ற வழி திறந்திருந்தும் எல்லையைக் கடந்து வந்ததை மட்டும் என்னால் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

சரி, வரமாட்டேன் என்றவர்கள், வர முடியாதவர்கள், செத்துப்போனவர்கள் எல்லாம் ஆயிற்று. இன்னொரு வகை இருக்கிறது. தன் மேல் வழக்கு இருப்பதே தெரியாதவர்.

மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 1985 பிப்ரவரி 12இல் தீர்ப்பளித்த ‘கொலோஸா எதிர் இத்தாலி’ வழக்கு இதைப் பற்றியதுதான். நீதிமன்ற அறிவிப்பைக் கொடுக்கப் போனவர் பழைய முகவரிக்குப் போனார். கொலோஸா அங்கிருந்து எப்போதோ வீடு மாறியிருந்தார். தேடினோம், கிடைக்கவில்லை என்று எழுதி, அவரைத் தலைமறைவானவர் என்று அறிவித்தார்கள். 1976 டிசம்பரில் அவர் இல்லாமலேயே ஆறு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவரைக் கைது செய்தார்கள். ரோமில், அவருடைய வீட்டிலேயே. இன்னொரு வழக்குக்காக அதே ஊர்க் காவல்துறைக்கு அவருடைய புது முகவரி ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று சொன்னது. ஆனால் 1983 டிசம்பரிலேயே அவர் சிறைக்காவலில் இறந்துவிட்டார். நஷ்டஈடாக அறுபது லட்சம் லிரா அவருடைய மனைவிக்குப் போனது.

ஒரு மனிதர் வீடு மாறினார். அதற்குச் சட்டம் வைத்த பெயர் தலைமறைவு. இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் என் கை ஒரு நொடி நிற்கிறது.

ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவும் 1983இல் இதே விஷயத்தைத் தொட்டது. ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) முன்பு ஆளுநராக இருந்து, பெல்ஜியத்தில் அடைக்கலம் புகுந்தவர் ம்பெங்கே. தனக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை அவர் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் முகவரி அரசுக்குத் தெரியும். அந்த முகவரிக்குச் சம்மனை அனுப்ப எந்த முயற்சியும் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆள் இல்லாத விசாரணையே கூடாது என்று குழு சொல்லவில்லை. ஒழுங்காக அறிவித்து, போதுமான நேரம் கொடுத்து, அப்புறமும் ஒருவர் வரமாட்டேன் என்றால் நடத்தலாம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தின் 14ஆவது பிரிவு, தன் முன்னிலையில் விசாரிக்கப்படும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. உரிமை என்றால் வேண்டாம் என்று சொல்லவும் இடமுண்டு. ஆனால் இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில் நுணுக்கமாக ஒரு கோடு போட்டது. 1973இல் வந்த ஒரு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் காலையில் வந்து உட்கார்ந்தவர் மதிய இடைவேளைக்குப் பின் திரும்பவேயில்லை. வழக்கைத் தொடரலாம் என்றது நீதிமன்றம். 1993இல் இன்னொரு வழக்கில் அவர் முதல் நாளே வரவில்லை. அப்படித் தொடங்கவே கூடாது என்று கூட்டாட்சி நடைமுறை விதியைச் சுட்டிக்காட்டியது. தொடக்கத்தில் வந்தவருக்கு, தான் எதிலிருந்து எழுந்து போகிறோம் என்று தெரியும். அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். மிகையான நுணுக்கம் என்று எனக்கு முன்பு தோன்றியதுண்டு. இப்போது தோன்றவில்லை.

நாடுகளுக்கு இடையில் இந்தச் சொல் போகும்போது முரண்டு பிடிக்கும். அமெரிக்காவில் ஐரா ஐன்ஹார்ன் என்பவர் மேல், காதலியைக் கொன்றதாக வழக்கு. ஜாமீனில் இருந்தவர் ஓடிவிட்டார். 1993இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் இல்லாமலேயே குற்றவாளி என்று தீர்ப்பானது. 1997இல் பிரான்ஸில் பிடிபட்டார். பிரான்ஸ் அனுப்ப மறுத்தது. மறுபடி விசாரிப்பீர்களா என்று கேட்டது. பென்சில்வேனியா சட்டமன்றம் அதற்காகவே தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2001இல் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். 2002இல் அவர் எதிரிலேயே மறுவிசாரணை நடந்து, அதே தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்புக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பம் காத்திருந்த வருடங்களை நினைத்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது தீர்ப்பை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆள் இல்லாமல் நடந்தாலே அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. 2014 ஜூலை 17இல் உக்ரைன் வானில் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நால்வரில் ஒருவரும் நெதர்லாந்து நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர்கள் வரும்வரை காத்திருந்தால் அந்த 298 பேரின் குடும்பங்களுக்கும் எதுவுமே கிடைத்திருக்காது. 2022 நவம்பர் 17இல் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வக்கீல்களை மட்டும் அனுப்பிய நான்காமவர் மேல் போதிய சான்று இல்லை என்று விடுவித்தார்கள். காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஒருவரை விடுவித்த அந்த நீதிமன்றத்தின் மேல் எனக்கு மரியாதை. லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005இல் கொல்லப்பட்ட வழக்கும் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் இப்படித்தான் நடந்தது. தி ஹேகில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் மட்டும் விசாரணையின்போது ஆள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் குற்றச்சாட்டுகளை உறுதிசெய்யும் கட்டத்தை ஆள் இல்லாமல் நடத்த அதன் விதியில் இடமுண்டு; 2005லிருந்து பிடியாணையில் இருக்கும் உகாண்டா கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜோசஃப் கோனி விஷயத்தில் 2025 செப்டம்பரில் அப்படி நடத்தியது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356ஆவது பிரிவும் இந்தக் கதவைத் திறந்திருக்கிறது. பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளிக்கு மட்டும். குறைந்தது முப்பது நாள் இடைவெளியில் இரண்டு வாரண்ட், செய்தித்தாளில் அறிவிப்பு, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல், வீட்டுச் சுவரிலும் காவல் நிலையத்திலும் ஒட்டுவது, குற்றச்சாட்டு வனையப்பட்டுத் தொண்ணூறு நாள் அவகாசம், வக்கீல் இல்லையென்றால் அரசு செலவில் ஒரு வக்கீல். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஒட்டப் போகிறவர் எந்த வீட்டுச் சுவரில் ஒட்டுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொலோஸாவின் பழைய வீட்டிலும் யாரோ போய்க் கதவைத் தட்டித்தான் இருப்பார்.

சட்டம் இந்தச் சொல்லை இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறது, அங்கே குற்றம் எதுவும் இல்லை. காணாமல் போனவரை, உடல் கிடைக்காமலேயே இறந்தவராக அறிவிப்பது. பல நாடுகளில் ஏழு வருடம் கணக்கு. 1666இல் வந்த ஓர் ஆங்கிலச் சட்டத்தில் இந்த ஏழு இருக்கிறது. ஆபத்தான சூழலில் காணாமல் போனால் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. 1937 ஜூலையில் விமானத்தோடு மறைந்த அமீலியா எர்ஹார்ட், 1939 ஜனவரியிலேயே இறந்தவராக அறிவிக்கப்பட்டார். எம்.எச்.370இல் போன 239 பேரும் அப்படித்தான். 2014 மார்ச்சில் காணாமல் போன விமானம், 2015 ஜனவரியில் விபத்து என்று அறிவிக்கப்பட்டது. காத்திருக்கும் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு, காப்பீடு, பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்கும். அதில் கையெழுத்துப் போட்டால் நாமே நம்பிக்கையை விட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று கலங்குவார்கள். இரண்டு முறை இப்படிப்பட்ட மனுக்களைத் தமிழாக்கியிருக்கிறேன். ஒன்றில் அண்ணன், தம்பியைப் பற்றி வாக்குமூலம் கொடுத்திருந்தார். தாள் முழுவதும் ‘என் தம்பி இருக்கிறான்’, ‘அவனுக்கு இடது காலில் தழும்பு இருக்கிறது’ என்று நிகழ்காலத்திலேயே பேசியிருந்தார். மனுவின் நோக்கமோ அவன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கக் கேட்பது. ஒரு வினையைக்கூட நான் இறந்தகாலத்துக்கு மாற்றவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோவில் ஒருவர் 1986இல் வீட்டைவிட்டுப் போனார். 1994இல் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். பிற்பாடு அவரே திரும்பி வந்து, நான் உயிரோடு இருக்கிறேன், தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்க மூன்று வருடம்தான் அவகாசம், அது எப்போதோ முடிந்துவிட்டது என்று 2013இல் நீதிபதி மறுத்துவிட்டார். நேரில் வந்து நின்றும் அந்த மனிதர் ஏட்டில் இல்லாதவராகவே திரும்பிப் போனார்.

கல்யாணமும் ஆள் இல்லாமல் நடக்கும். 2003 ஆகஸ்ட் 10இல் யூரி மலென்சென்கோ சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்தார், மணப்பெண் டெக்சாஸில். அந்த மாநிலச் சட்டம் அப்போது ஒருவர் நேரில் இல்லாமல் மணக்க அனுமதித்தது. இப்படி மனசு லேசாகும் உதாரணங்கள் இந்தச் சொல்லுக்குக் குறைவு. பரிசுகளிலும் உண்டு. 2010இல் ஆஸ்லோவில் லியூ ஷியாபோவுக்கான நோபல் அமைதிப் பரிசை ஒரு காலி நாற்காலியில் வைத்தார்கள். அவர் அப்போது சீனச் சிறையில். ஏன் காலி என்று அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் தீர்ப்பு நகலுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை அதை அனுப்பிய வக்கீலைக் கூப்பிட்டேன்.

“மேடம், இவருக்கு சம்மன் போச்சா, போகலையா? அது தெரிஞ்சாத்தான் இந்த வரியை எழுத முடியும்.”

“நீங்க ‘நேரில் ஆஜராகாத நிலையில்’னு போட்டுருங்களேன். எல்லாரும் அப்படித்தானே போடறாங்க.”

“போடறேன். ஆனா ஃபைல்ல வேற ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாருங்க மேடம்.”

மாலையில் ஒரு படம் அனுப்பினார். பதிவுத் தபால் உறை ஒன்று, முன்புறம், பின்புறம். பழுப்பு நிறம். இரண்டு இடத்தில் முத்திரை. முகவரி அச்சில் இருந்தது, அதன் மேல் நீல மையால் சாய்வாக ஒரு கோடு. பின்புறம் வேறு வேறு கையெழுத்தில் மூன்று குறிப்பு. முதல் தேதியில் ‘கதவு பூட்டியிருந்தது’. நான்கு நாள் கழித்து மறுபடி ‘கதவு பூட்டியிருந்தது’. மூன்றாவது, பென்சிலில், அவசரமாக: ‘ஆள் இல்லை, குடியிருப்பு மாறிவிட்டார், புது முகவரி கீழ்வீட்டில் கேட்கவும்’. அதற்குக் கீழே திருப்பி அனுப்பிய முத்திரை. உறையின் ஓரம் பிரிக்கப்படவே இல்லை. பசை போட்ட இடம் அப்படியே ஒட்டியிருந்தது.

புது முகவரி எங்கே கிடைக்கும் என்று தபால்காரர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கீழ்வீட்டில் யாரும் போய்க் கேட்டதாகக் கோப்பில் ஒரு வரி இல்லை. தீர்ப்பு அந்த உறையைப் பற்றி எதுவும் பேசவில்லை. மொழிபெயர்ப்புக்கு வந்த காகிதங்களில் உறை சேரவே இல்லை. யாருக்கும் அது ஆவணமாகத் தோன்றவில்லை.

தீர்ப்பின் வரியை ‘அவர் நேரில் இல்லாத நிலையில்’ என்று எழுதினேன். ‘தலைமறைவு’ என்று எழுதவில்லை, மூலத்தில் அது இல்லை. ‘அவருக்குத் தெரியாமலேயே’ என்றும் எழுதவில்லை, அதுவும் மூலத்தில் இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டாவதாக ஒரு பக்கம் சேர்த்தேன். உறையின் முன்புறம், பின்புறம், ஒவ்வொரு முத்திரையின் தேதி, மூன்று குறிப்புகளும் வரிக்கு வரி. மூன்றாவது குறிப்பு பென்சிலில் எழுதப்பட்டது என்பதையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். உறை திறக்கப்படவில்லை என்றும் குறித்தேன்.

வக்கீலம்மா மறுபடி கூப்பிட்டார். “பன்னிரண்டாவது பக்கத்துக்கும் சேர்த்து பில் போட்டுருங்க. அதைத்தான் முதல்ல வைக்கப்போறேன்” என்றார்.